ஏழு குண்டுக்கு ஆன ஈயம்

இதை நான் பார்க்கவில்லை. எனக்குச் சொன்ன வளர்மதியும் பார்க்கவில்லை. கல்லூரி விடுதியில் இரண்டு வருடம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் அவள், கல்வராயன் மலைக்காரி. துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருந்த சடையன் அவளுக்குத் தாய்மாமன். அம்மா சொல்லக் கேட்டதை அவள் எனக்குச் சொன்னாள். வழியில் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று எனக்குத் தெரியாததால், அவள் எத்தனை தடவை சொன்னபோதும் மாறாமல் இருந்ததையே இங்கே எழுதுகிறேன். மாறிய இடத்தில் மாறியது என்று சொல்லிவிடுகிறேன்.

மூங்கில்தாழ்வு பதின்மூன்று வீடுகள் உள்ள ஒரு வளவு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டும். அந்தப் பதின்மூன்று வீட்டு மரவள்ளிக்கும் சாமைக்கும் காட்டுப்பன்றியிடமிருந்து காவல் ஒரே ஒரு துப்பாக்கிதான், சடையனின் அப்பா காலத்தில் பயிர்க்காவலுக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல். குழலின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்து, ஈயக்குண்டை உருட்டிவிட்டு, மறுபடி நாரை வைத்து இடித்தால் ஒரு வெடி. பன்றியைச் சுட்டால் வழக்கு வரும் என்பதால் கொல்லைக்குக் கீழே இருந்த பலாக்கட்டையைச் சுடுவார்கள். குண்டு இல்லாத வெறும் மருந்துச் சத்தத்துக்குப் பன்றி காதைக்கூட ஆட்டாது, குண்டோடு போகும் சத்தத்துக்குத்தான் ஓடும். பன்றி காட்டுக்குள் ஓட, குண்டு கட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, அறுவடை முடிந்ததும் கட்டையைத் தோண்டி, அதே ஈயத்தை எடுத்து உருக்கி, அடுத்த வருடத்துக்கு வார்ப்பார்கள். இப்படியே ஒரே ஈயம் முப்பது வருடமாகக் கட்டைக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

ஒரு வெடிக்கு எவ்வளவு மருந்து என்பதற்கு, அந்தத் துப்பாக்கிக்கென்றே நறுக்கிய ஒரு மூங்கில் குழாய் இருந்தது. அதை நிரப்பித் தலைதட்டினால் அளவு சரி. மருந்து மாறினால் பழைய ஈயத்தோடு பார்க்க வேண்டும், ஈயம் மாறினால் பழைய மருந்தோடு பார்க்க வேண்டும், இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றக் கூடாது, மாற்றினால் எது என்ன செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது என்று சடையனின் அப்பா சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஐப்பசியில் பெய்த மழையில் சரிவு இறங்கி, பலாக்கட்டையை அதன் வயிற்றிலிருந்த ஈயத்தோடு பள்ளத்துக்குக் கொண்டுபோனது. அதே மாதம் கீழே டவுனில் மருந்து விற்கும் கடையும் மூடிவிட்டது. வேறு ஊர்க் கடையில் கிடைத்த மருந்து கேழ்வரகு மாவைப்போல மெல்லிசாக இருந்தது. மூங்கில் குழாயில் போட்டால் பழைய மருந்தைவிட எவ்வளவோ அதிகம் பிடித்தது. சடையன் குழாயைக் கூரையில் செருகிவிட்டு, ஒரு தட்டான் தராசை இரவல் வாங்கி வந்தான். குன்றிமணியை எடைக்கல்லாக வைத்து, பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்கி, வெடிக்கு இரண்டு மணி வீதம் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழலைத் தடவிப் பார்த்து, புது அளவைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தான். ஈயம்தான் இல்லை.

ஈயம் அவன் மனைவியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அஞ்சலாட்சி கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தபோது சடையனைப் பிடித்துப்போனது. திருப்பூருக்கு அவள் வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி வந்தவள். அவள் வந்த அதே கார்த்திகையில் அவள் அண்ணன் நடுமுத்து தனியாகப் பைபர் படகில் கடலுக்குப் போனான், திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அழுதால் செத்ததாக ஆகிவிடும் என்று அம்மா தையல்நாயகி யாரையும் அழவிடவில்லை. அன்றிலிருந்து ஆறு வருடமாக மதியம்தோறும் அவனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தாள். அவன் வைத்துவிட்டுப் போன கிழிந்த வலையின் அடிக்கயிற்றிலிருந்து ஈயமணிகளை அவிழ்த்து, துணியில் முடிந்து, "உங்கண்ணன் வந்து கேட்டா நீ எடுத்துக் குடு" என்று, கல்யாணம் முடிந்து பார்க்கப் போன அஞ்சலாட்சியிடம் கொடுத்திருந்தாள். அந்த முடிச்சு நாலு வருடமாக அவிழாமல் பெட்டிக்குள் கிடந்தது.

மரவள்ளியில் பாதியைப் பன்றி தோண்டிப்போட்ட அன்று அவள் அதை எடுத்துவந்து அடுப்பு ஓரத்தில் வைத்தாள்.

"இத உருக்குங்க."

"உங்கண்ணன் வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"வந்து கேக்கட்டும்," என்றாள். "கேக்கணும்னுதான் உருக்கச் சொல்றேன்."

ஏழு குண்டு வந்தது. வளர்மதியிடம் மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் ஏழு என்றுதான் சொன்னாள்.

முதல் வெடி ஞாயிற்றுக்கிழமை மதியம். நட்டுவைத்த பலகையில் குண்டு படவில்லை, பக்கத்து மண்ணிலும் இல்லை, எங்கேயும் விழவில்லை. ஆனால் வளவு முழுக்க மீன் வாசனை வந்தது, நாய்கள் எழுந்து கிழக்கே பார்த்து நின்றன, அஞ்சலாட்சி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். அடுத்த ஞாயிறு இரண்டு மணி கூட்டிச் சுட்டபோது கீழே பள்ளத்திலிருந்து ஒரு இரைச்சல் வந்தது, வந்து போய், வந்து போய், ஒருவர் மூச்சு விடுவதைப்போல இருந்தது. மூன்றாவது ஞாயிறு தண்ணீரே வந்தது. கிழக்குச் சரிவில் சில்வர் ஓக் மரங்களின் தலைக்கு மேலாக, அவசரமில்லாமல், நுரையைத் தள்ளிக்கொண்டு ஏறிவந்து, அஞ்சலாட்சிக்கு அத்தை முறையான ராமாயியின் சாமைக்கொல்லை வரப்பில் நின்று, ஒரு வாய் வெற்றிலை மென்று துப்பும் நேரம் இருந்துவிட்டு, வந்த வழியே இறங்கிப்போனது.

"உப்பா இருக்குது," என்றார் ஊர்க்கவுண்டர் சின்னபையன், தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு. "ஏன் புள்ள, உங்க ஊருல இதுலதான் குளிப்பீங்களா?"

"குளிச்சிட்டு நல்ல தண்ணி ஊத்திக்குவோம், மாமா," என்றாள் அஞ்சலாட்சி.

"அப்புறம் எதுக்கு இதுல குளிக்கிறது?" என்றார் அவர்.

கடல் என்றால் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வந்துவிட்ட விருந்தாளிக்கு என்ன செய்வது என்றுதான் பார்த்தார்கள். ஞாயிறு மதியம் யாரும் சந்தைக்குப் போவதில்லை என்று ஆனது. ஆட்டைச் சரிவில் கட்டக் கூடாது, துணியைக் கீழ்க்கொடியில் காயப்போடக் கூடாது என்று ஆனது. தண்ணீர் இறங்கிய பிறகு வரப்பில் துள்ளிக் கிடந்த காரப்பொடி மீனையும் மத்தியையும் பெண்கள் முறத்தில் வாரினார்கள். அஞ்சலாட்சி குடல் எடுத்து உப்புத் தடவி ஓட்டின் மேல் காயவைக்கக் கற்றுக்கொடுத்தாள். அதுவரை கீழ்நாட்டுப் புள்ள என்று கூப்பிட்டவர்கள் கடல்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல்முறையாக நண்டைப் பார்த்த சின்னபையன் கவுண்டர் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். வனக்காவலர் ஒருவர் வந்தார், தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார், குறிப்பேட்டைத் திறந்தார், தீ, வெட்டுமரம், காட்டெருமை என்றிருந்த பத்திகளில் இதற்குப் பத்தி இல்லை என்று கண்டு மூடினார், ஒரு பொட்டலம் கருவாடு வாங்கிக்கொண்டு இறங்கினார். பன்றிகள் இரண்டு வாரம் பயந்தன. மூன்றாவது வாரம் பாறையில் பூத்த உப்பை நக்க வந்தன, வந்த வழியில் மரவள்ளியையும் தோண்டின.

வளவு இரண்டாகப் பிரிந்தது அந்தச் சமயத்தில்தான். மருந்தும் ஈயமும் ஒன்றாக மாறிவிட்டதால், கடல் எதனால் வருகிறது என்று தெரியவில்லை. ஈயத்தால்தான் என்று ஆறு வீடு சொன்னது, மருந்தால்தான் என்று ஏழு வீடு சொன்னது. டிராக்டர் பேட்டரியிலிருந்து எடுத்த ஈயத்தில் ஒரு குண்டு வார்த்து, புது மருந்தோடு ஒரு வெள்ளிக்கிழமை சுட்டுப் பார்த்தார்கள். வெறும் வெடிதான். "வெள்ளிக்கிழமை எப்படிய்யா வரும்? ஞாயித்துக்கிழமைதானே வரும்," என்றது மருந்துக் கட்சி.

சடையன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒரு முளை அடித்து, முளைக்கு முளை கயிற்றால் அளந்து வைத்தான். இரண்டு குன்றிமணிக்குப் பதினோரு முழம். கூடவில்லை, குறையவில்லை.

ஐந்தாவது வெடியில் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. ஆறாவது வெடியில் அதன் மூக்கில் நீல நிறமும், பக்கவாட்டில் ஒட்டுப்போட்ட வெள்ளைப் பட்டையும் தெரிந்தன. உள்ளே ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அஞ்சலாட்சி இடுப்புவரை தண்ணீரில் இறங்கி, குப்பத்தில் கரையிலிருந்து கூப்பிடுவதைப்போல இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. காற்று மலைப்பக்கமாக வீசியது. தண்ணீர் இறங்கியபோது சடையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் வாசலில் பேசிக்கொண்டதை வளர்மதியின் அம்மா பக்கத்து வீட்டில் மாவு சலித்துக்கொண்டே கேட்டாளாம்.

"ஒரு குண்டுதான் பாக்கி," என்றான் சடையன். "ரெண்டு மணி கூட்டினா பதினோரு முழம் கிட்ட வரும். கூப்பிட்டா கேக்காது."

"கேக்கணும்னா எத்தன மணி?"

"பதினாலு. கொழல் தாங்காது. பொளந்துக்கும்."

"பொளந்தா?"

"என் மூஞ்சி இங்க இருக்கும்," என்று கன்னத்தைத் துப்பாக்கியில் வைப்பதைப்போலக் காட்டினான். "அது பொளக்குறது இங்க."

அவள் அவன் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்ப ரெண்டே கூட்டுங்க," என்றாள். "முதுகையாவது இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

"முதுகப் பாத்து உங்கம்மாகிட்ட என்னான்னு சொல்லுவ?"

"என்னத்தச் சொல்ல? இன்னும் தட்டு வைன்னுதான்."

அந்த வாரம் முழுக்க அவள் வேலையில் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் மதியச் சோறு மட்டும் இறங்கவில்லை. அந்த நேரத்துக்கு அங்கே ஒரு தட்டு வைக்கப்பட்டிருக்கும் என்ற நினைப்போடு இங்கே ஒரு தட்டின் முன்னால் உட்கார முடியவில்லை என்று ராமாயியிடம் சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை சடையன் ஊர்க்கவுண்டரிடம் போய், வளவைக் கூட்டச் சொன்னான்.

அவன் யோசனை இதுதான். பதினாலு மணி கூட்டிக் கெட்டித்து, துப்பாக்கியைத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி வேங்கை மரத்தில் கட்டி, விசையில் கயிறு கட்டி, பாறைக்குப் பின்னால் இருந்து இழுப்பது. ஆளுக்கு ஒன்றும் ஆகாது. துப்பாக்கி போய்விடும். போனால் வேறு உரிமம் கிடைக்காது, இப்போதெல்லாம் யாருக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை. பதின்மூன்று வீட்டுக் கொல்லைக்கும் இனி காவல் இல்லை.

"உரிமம் என் பேருல இருக்குது," என்றான். "ஆனா கொல்லை எல்லாரோடதும். அதனால கேக்குறேன்."

முதலில் பேசியது ராமாயி. "உங்க கடலு ஏற்கெனவே என் சாமையக் கருக்கிட்டுது," என்றாள். "இப்ப துப்பாக்கியும் போவணும். நல்லா இருக்குது. நான் என்னத்தத் திங்கறது, கருவாடா?"

அஞ்சலாட்சி எழுந்து, "வேணாம், அத்த. நான் கேக்கல. இவருதான் கேக்குறாரு," என்றாள்.

"நீ கேக்கலன்னா வேற யாரு கேப்பா?" என்று ராமாயி இன்னும் கோபமானாள். "வாரா வாரம் தண்ணியில எறங்கி நின்னு கத்துறயே, அத நாங்க கேக்கலன்னு நெனச்சயா? அந்தாளு செவுடா இருக்கலாம். நாங்க செவுடு இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தகரம் தட்டிக்கலாம். எங்கப்பன் காலத்துல எந்தத் துப்பாக்கி இருந்துச்சு? வீட்டுக்கு ஒரு நாள் மொறை வச்சுத் தகரம் தட்டினா பன்னி வராது. மொத மொறை என்னோடது."

சின்னபையன் கவுண்டர் மற்ற வீடுகளைப் பார்த்தார். மருந்துக் கட்சியும் ஈயக் கட்சியும் தலையாட்டின. வாராவாரம் வந்துபோன அந்தத் தண்ணீர் இனிமேல் வராது என்பது அந்தத் தலையாட்டலோடு முடிவாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டொருவர் எழுந்து போய்ச் சரிவில் நின்று கிழக்கே பார்த்தார்கள்.

ஏழாவது ஞாயிறு சடையன் தராசில் மணியை ஒன்றொன்றாக வைத்து, வளவு முழுக்க எண்ணக் கேட்டு, மருந்தைக் கெட்டித்தான். பதின்மூன்று வீடும் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தது. கயிற்றை அவன் மட்டும்தான் இழுத்தான் என்று வளர்மதி ஒருமுறை சொன்னாள், எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள் என்று இன்னொருமுறை சொன்னாள். குழல் நெடுக்காகப் பிளந்து வாழைப்பூ மடலைப்போல விரிந்தது. சத்தம் அடங்குவதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது, முளைகளையெல்லாம் மூழ்கடித்து, வரப்பைத் தாண்டி, வேங்கை மரத்தின் அடியைச் சுற்றிக்கொண்டு நின்றது. படகு அதன் மேல் ஆடியபடி, கையை நீட்டினால் தொடமுடியாத, பேசினால் கேட்கிற தூரத்தில் இருந்தது.

"அண்ணே!"

அவன் திரும்பினான். போன அன்றைக்கு இருந்த வயதிலேயே இருந்தான். இப்போது அவள்தான் மூத்தவள்போலத் தெரிந்தாள்.

"எவடி அவ, மலமேல நின்னு கத்துறது?" என்றான். "அஞ்சலயா? இங்கயாடி வந்து கெடக்குற?"

"ஆமாண்ணே."

"கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறானே, அவனா ஒன் புருசன்? பரவால்ல. நீச்சல் தெரியாது போலருக்கு, மொகத்தப் பாத்தாலே தெரியுது." கொஞ்சம் யோசித்தான். "எதடி போட்டுச் சுட்டீங்க? உள்ளுக்குள்ள என்னமோ இழுத்துச்சு."

"ஒன் வலை ஈயம்."

"அடிப்பாவி! மணி மணியா நாலு வருசம் சேத்த ஈயம்டி அது!"

பாறைக்குப் பின்னாலிருந்து, "பாத்தியா, ஈயந்தான்!" என்று ஒரு குரல் கேட்டது. யாரோ அவன் வாயைப் பொத்தினார்கள்.

"எம்மேல கோவமாண்ணே?" என்றாள் அஞ்சலாட்சி. "சொல்லாமப் போனதுக்கு?"

"கோவந்தான். சொல்லிட்டுப் போயிருக்கலாம்." வலையை மடியில் வைத்தான். "நானும் சொல்லிட்டு வரல. சரியாப் போச்சு."

"எறங்கி வாண்ணே."

"எறங்கி? பன்னி வெரட்டவா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டான். "முடியாது புள்ள. முடிஞ்சா வராம இருப்பனா?"

தண்ணீர் மரத்தடியிலிருந்து ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவசரமாகச் சொன்னாள்.

"அம்மா இன்னும் மதியம் ஒனக்குத் தட்டு வைக்குதுண்ணே. ஒரு நாளு விட்டதில்ல. மீன் கொழம்புன்னா நடுத்துண்டம் ஒனக்குத்தான்."

அவன் வலைக்கண்ணில் விரலை விட்டுப் பார்த்தான்.

"யாரு திங்கிறா அத?"

"பூனை."

"பூனைக்கு நடுத்துண்டமா?" என்றான். "தட்டக் கழுவிக் கவுத்துடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

"நம்பாதுண்ணே. நான் மனசு கேக்காம சொல்றேங்கும்."

படகு பின்னால் நகர ஆரம்பித்தது. அவன் எழுந்து நின்றான்.

"அன்னிக்கிக் கெளம்பும்போது அம்மா கரையில நின்னு கூப்புட்டுச்சு," என்றான். "காத்து சரியில்ல, திரும்பி வாடான்னு. ஒருத்தருக்கும் தெரியாது, நாங்க ரெண்டு பேருந்தான். கேக்காத மாதிரி மோட்டார இழுத்துட்டுப் போனேன். கேட்டுச்சுன்னு சொல்லு, அஞ்சல. நல்லாக் கேட்டுச்சு."

அதற்குப் பிறகும் அவன் ஏதோ சொன்னான். ஆனால் தண்ணீர் முளைகளைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களின் தலையைத் தாண்டி இறங்கிவிட்டது. பள்ளத்தில் கொஞ்ச நேரம் நீலமாக ஏதோ தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. அஞ்சலாட்சி அழுதாள். ஆறு வருடத்தில் அவள் அவனுக்காக அழுதது அதுதான் முதல் தடவை. ராமாயி பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து, பழகியே இராத அந்த மனிதனைப் பேர் சொல்லி ஒப்பாரி வைத்தாள். பதின்மூன்று வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். குப்பத்தில் நடக்காதது மலையில் நடந்தது.

மறுநாள் காலை கிளம்பி, மூன்று பஸ் மாறி அவள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. தட்டு மூடிவைக்கப்பட்டிருந்தது. அண்ணன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள், பூனைக்கு நடுத்துண்டமா என்று கேட்டதையும் விடவில்லை. தையல்நாயகி அதையெல்லாம் முகத்தில் எதுவும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சுன்னு சொல்லச் சொன்னான்" என்றபோது மட்டும், "கேட்டுச்சாமா?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்து, மகனுக்கு வைத்திருந்த சோற்றைத் தானே பிசைந்து, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வளர்மதி சொன்ன கதை இந்த இடத்தில் முடிகிறது. போன வருடம் ஒரு தற்காலிக வேலையில், பழைய காகிதங்களைக் கணினியில் ஏற்றுவதற்காக, அந்தக் குப்பத்துக்குரிய கிராம நிர்வாக அலுவலகத்துக்கு என்னை அனுப்பினார்கள். யாரிடமும் கேட்காமல் தேடினேன். அஞ்சலாட்சி வந்து சொல்லிவிட்டுப் போன ஆண்டின் கோப்பில் நடுமுத்து, தாயார் பெயர் தையல்நாயகி என்று ஓர் இறப்பு அறிக்கைப் படிவம் இருந்தது. உடல் கிடைக்காதவர்களுக்கு வேறு நடைமுறை என்பதால் அது ஏற்கப்படவில்லை, முத்திரை இல்லை. ஆனால் யாரும் அதைக் கிழித்துப் போடவும் இல்லை. கீழே தாயாரின் இடது பெருவிரல் ரேகை இருந்தது. அதற்கு மேலே, தகவல் தந்தவரின் பெயர் என்று கேட்டிருந்த இடத்தில், நீல மையில், நடுமுத்து என்று எழுதியிருந்தது.